மந்திர அவையில் இல்லாத அரசி

கம்பனைப் பாடிப் பரவும் புலவர் பெருமக்கள் மண்டோதரியைப் பற்றிப் பேச வரும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். பொறுமைக்குப் பிறப்பிடம் என்பார்கள். மென்மைக்கு உறைவிடம் என்பார்கள். கற்புக்கு எடுத்துக்காட்டு என்பார்கள். அவள் புலம்பலில் இரண்டு பாடல்களை இசையோடு சொல்வார்கள். அவையோர் கண் கலங்குவர். அடுத்த பேச்சாளர் எழுந்து அநுமன் கடல் தாவிய கதைக்குப் போய்விடுவார். அரக்கர் குலத்தில் வாழ்க்கைப்பட்டும் இப்படியொரு நல்லாளா என்ற வியப்பு அந்தப் புகழ்மொழிகளுக்குள் பதுங்கிக் கிடக்கும். குலத்தை இழித்துவிட்டு அதில் ஒருத்தியை மட்டும் உயர்த்திப் பேசுவது பழைய தந்திரம். அதைப் பற்றி இங்கே விரித்துரைக்க நாம் வரவில்லை.

நாம் கேட்பது வேறு. ஒரு நாடு அழிகிறது. முதலில் அதன் சோலை அழிகிறது, பிறகு மாடங்கள் எரிகின்றன, பிறகு படைத்தலைவர்கள் மாய்கிறார்கள், பிறகு இளவரசர்கள், கடைசியில் வேந்தன். அந்த நாட்டின் பட்டத்தரசி, இளவரசனைப் பெற்ற தாய், இந்த அழிவு தொடங்கிய நாள் முதல் முடிந்த நாள் வரை என்ன சொன்னாள்? எப்போது சொன்னாள்? சொன்னதை யார் கேட்டார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு கம்பனின் சுந்தர காண்டத்தையும் யுத்த காண்டத்தையும் புரட்டிப் பாருங்கள். மென்மை என்ற சொல்லுக்கு இந்நாட்டுப் புலவர்கள் கொண்ட பொருள் என்ன என்பது புலப்படும்.

மண்டோதரியை அநுமனின் கண்களால் நாம் காணும்போது அவள் உறங்கிக்கொண்டிருக்கிறாள். சீதையைத் தேடி இலங்கை முழுவதும் அலையும் அநுமன் ஒரு மாளிகைக்குள் நுழைகிறான். வானுலக மகளிர் அடி வருட, அரசி துயில்கிறாள். ஒரு கணம் இவள்தான் சீதையோ என்று ஐயுறுகிறான், துடிக்கிறான். பிறகு உற்று நோக்குகிறான். இவள் மானிட மகள் அல்லள் என்று தெளிகிறான். அத்தோடு விட்டானா? உறக்கத்தில் அவள் பிதற்றுவதையும் அவள் உடலில் தோன்றும் தீக்குறிகளையும் கண்டு, இவள் கணவன் முடிவது உறுதி, இந்த நகர் கெடுவது உறுதி என்று மனம் ஆறுகிறான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஓர் அரசியைப் புலவன் எப்படிக் காட்டுகிறான்? அவள் விழித்திருக்கவில்லை, பேசவில்லை, எண்ணவில்லை. அவள் உடல் ஒரு குறிப்பலகையாகக் கிடக்கிறது. நாட்டின் கேட்டைப் பகைவன் அதில் படித்துக்கொண்டு போகிறான். தன் நாடு அழியப்போகிறது என்பது அவளுக்குத் தெரியாது; அவள் கூந்தலுக்குத் தெரிந்திருக்கிறது!

அடுத்து அவளைக் காண்பது அக்ககுமாரன் இறந்தபோது. அநுமனோடு பொருது அவன் தரையில் தேய்ந்து மடிந்தான் என்ற செய்தி அரண்மனைக்கு வருகிறது. மயன் மகள் வயிற்றில் அடித்துக்கொண்டு இராவணனின் காலடியில் வீழ்ந்து அலறுகிறாள். அவ்வளவுதான். அலறல் உண்டு, சொல் இல்லை. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு முதல் துயரத்தில் சொல் வராது என்று சமாதானம் சொல்லலாம், சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனால் அதற்குப் பிறகு போர் மூளுவதற்கு இடையில் காலம் இருந்தது. இலங்கை எரிந்தது. எரிந்த நகரம் மீண்டும் எழுந்தது. இனி என்ன செய்வது என்று இராவணன் அவை கூட்டினான்.

அந்த மந்திரப் படலத்தைப் படிக்கும்போதெல்லாம் ஓர் இடம் நம்மை உறுத்தும். ஆய்வு தொடங்குமுன் இராவணன் அவையைத் துப்புரவு செய்கிறான். முனிவர் வெளியே, தேவர் வெளியே, பெண்களும் இளையோரும் வெளியே. வண்டும் காற்றும்கூட உள்ளே வராதபடி காவல் இடுகிறான். கம்பன் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அரசியல் அறிந்த வேந்தனின் எச்சரிக்கையாகச் சொல்கிறான். பெண்களை அகற்றிவிட்டு அவர்கள் பேசுவது எதைப் பற்றி? ஒரு பெண்ணைப் பற்றி! பிறன் மனையாளைச் சிறையில் வைத்திருக்கலாமா, விட்டுவிட வேண்டுமா என்பதைப் பற்றி! அந்தச் சிறையால் நேரடியாக இழிவுபட்ட இன்னொரு பெண் அதே அரண்மனையில் இருக்கிறாள். அவள் கணவன் செய்த செயல் சீதைக்குக் கொடுமை என்றால், மண்டோதரிக்கு அது என்ன? அவளுடைய இரு மக்களில் ஒருவன் அதற்குப் பலியாகிவிட்டான். மற்றொருவன் அதே அவையில் அமர்ந்து போர்ப்பறை கொட்டிக்கொண்டிருக்கிறான். இந்தப் பொருளில் பேசுவதற்கு அவளைவிட உரிமையுள்ளவர் இலங்கையில் எவர்? அவளுக்கு அவையில் இடம் இல்லை. வண்டுக்கும் இல்லை, அரசிக்கும் இல்லை.

அவையில் அறம் பேச ஆள் இல்லாமல் போகவில்லை. கும்பகருணன் பேசுகிறான். பிறர் மனைவியைச் சிறை வைத்துக்கொண்டே மானத்தைப் பற்றியும் பேசுகிறோமே என்று அண்ணனை முகத்துக்கு நேரே இடித்துரைக்கிறான். வீடணன் பேசுகிறான், அவன் பேச்சு எங்கே போய் முடிந்தது என்பதை உலகறியும். தம்பியர் இருவரும் பேசினர். ஒருவன் பேசிவிட்டு அண்ணனுக்காக உயிர் கொடுத்தான்; மற்றவன் பேசிவிட்டுப் பகைவனிடம் முடி பெற்றான். பிற்பாடு மகனே பேசினான். கடைசிப் போருக்குப் போகுமுன் இந்திரசித்து தந்தையிடம், சீதைமேல் கொண்ட ஆசையை விட்டுவிட்டால் அவர்கள் சினம் தணிவார்கள், அஞ்சிச் சொல்லவில்லை, உன்மேல் கொண்ட அன்பால் சொல்கிறேன் என்றான். ஆக, தம்பியின் அறிவுரை உண்டு, மகனின் அறிவுரை உண்டு. ஏட்டில் இடம்பெறாதது மனைவியின் அறிவுரை ஒன்றே.

அரக்கர் குலப் பெண்களுக்குப் பேசத் தெரியாது என்றோ, பேச வைக்கக் கம்பனுக்குத் தெரியாது என்றோ யாரும் சொல்லிவிட முடியாது. அதிகாயன் இறந்த இடத்தைப் பாருங்கள். அவன் தாய் தானியமாலை, இராவணனின் மற்றொரு மனைவி, தலைவிரி கோலமாக வந்து நிற்கிறாள். அவள் அழுகை வெறும் அழுகையாக இல்லை. அக்கன் போனான், அதிகாயன் போனான், வலியவர் எல்லாரும் போயினர். இனி எஞ்சியிருப்பவன் மண்டோதரியின் மகன் ஒருவன்தான். இன்னொரு முறை திசைகளை வெல்லப் புறப்படலாமே என்று கணவனைக் கேட்கிறாள். எத்தனை கூரிய சொல்! உலகம் அஞ்சிய வேந்தனை அவன் அரண்மனையிலேயே நிறுத்தி வைத்து ஏளனம் செய்கிறாள். அந்த ஏளனத்தில் மாற்றாள் மகன் பிழைத்திருக்கிறானே என்ற புகைச்சல் ஒரு துளி கலந்திருக்கலாம். இருந்தால் என்ன? அவள் உண்மையைச் சொன்னாள். அதற்கும் காலம் கடந்துவிட்டது என்பதே வருத்தம். என்றாலும், மண்டோதரியின் மகன் அப்போது உயிரோடு இருந்தான். அந்த ஏளனத்தின் பொருளை உணர்ந்து நடுங்கியிருக்க வேண்டியவள் மண்டோதரி. அவளை அந்த இடத்தில் நாம் காணவில்லை. கூரிய சொல் இளைய மனைவிக்கு, பட்டத்தரசிக்கு மென்மை. பங்கீடு நன்றாகத்தான் இருக்கிறது!

பிறகு அந்த நாள் வருகிறது. இந்திரசித்து வீழ்கிறான். தலையை அங்கதன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். தந்தை களத்தில் தேடுகிறான். பிணக்குவியல்களுக்கிடையே முதலில் வில் பிடித்த கை கிடைக்கிறது, பிறகு உடல். தலையில்லாத அந்த உடலைச் சுமந்துகொண்டு இலங்கை வேந்தன் ஊருக்குள் வருகிறான். அரண்மனையிலிருந்து தாய் ஓடி வந்து அதன்மேல் விழுகிறாள்.

இப்போதுதான் கம்பன் அவளுக்கு வாயைக் கொடுக்கிறான். கொடுத்த வாய் எத்தகையது! கவிநயத்தை மறைப்பது நேர்மையாகாது; அந்தப் புலம்பலைப் படித்துக் கலங்காதவன் கல். வீரனை இழந்த அரசியாக அவள் அழவில்லை. அவள் கண்ணில் படுவது காலில் கிண்கிணி கட்டித் தவழ்ந்த குழந்தை. அரிமாக்கள் இரண்டைப் பிடித்துக் கொண்டுவந்து முற்றத்தில் மோதவிட்டு விளையாடினாயே என்கிறாள். நிலவை வாவென்று அழைத்து, வந்த நிலவை இரு கையாலும் பற்றி, அதன் மறுவை முயல் என்று எண்ணிப் பிடித்திழுத்தாயே, அந்த விளையாட்டை இனி நான் எங்கே காண்பேன் என்கிறாள். இந்திரனை வென்றவன் என்று உலகம் பெயர் வைத்தது. தாய்க்கு அந்த வெற்றி நினைவுக்கு வரவில்லை. நிலவைப் பிடித்த கை நினைவுக்கு வருகிறது.

புறநானூற்றுத் தாயைப் பற்றி நாம் மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். மகனை மார்பில் புண்பட்டுக் கிடக்கக் கண்டு மகிழ்ந்த தாயை, வேல் கொடுத்து அனுப்பிய தாயைப் பாராட்டாத மாணவர் மன்றம் இல்லை, நாமும் பாராட்டியவர்களே. ஆனால் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் இந்தத் தாயையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவள் போரை வாழ்த்தினாள். இவள் போரை அஞ்சினாள். அந்தப் புலம்பலின் முடிவில் மண்டோதரி சொல்வது அதுதான். பஞ்சுப் பொதியில் தீப்பட்டது போல நம் கூட்டமெல்லாம் அழிந்ததே, போனவர் ஒருவரும் மீளவில்லையே, அஞ்சினேன், அஞ்சினேன், அமுதத்தைக் கொண்டே ஆக்கிய நஞ்சாக வந்த அந்தச் சீதையால், நாளை இலங்கை வேந்தனும் இப்படித்தானே கிடப்பான்?

மகனின் பிணத்தின் மேல் கிடந்தபடியே கணவனின் பிணத்தைக் காண்கிறாள் அந்த அரசி. அவளுடைய முதல் அரசியல் உரை இது. நாடு அழிவதற்கான காரணத்தை நாட்டு மக்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டாள். சீதையை நஞ்சு என்று சொன்னவள், அமுதத்தால் ஆகிய நஞ்சு என்று சேர்த்துச் சொன்ன நேர்மையையும் கவனியுங்கள். அந்தப் பெண்மேல் இவளுக்குப் பகை இல்லை. எடுத்துப் பருகியவன் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதைக் கேட்ட இராவணன் என்ன செய்தான்? நாளையே சிறையைத் திறந்துவிடுவோம் என்றானா? எஞ்சியிருப்போரையாவது காப்போம் என்றானா? வாளை உருவிக்கொண்டு சீதையை வெட்டக் கிளம்பினான்! தன் ஆசையால் வந்த அழிவை மனைவி சுட்டிக்காட்டியதும், ஆசை கொண்டவனின் சினம் ஆசை கொள்ளப்பட்டவள்மேல் பாய்கிறது. ஒரு பெண்ணின் அச்சத்தை எடுத்து இன்னொரு பெண்ணை வெட்டும் வாளாக்கிவிட்டான். மண்டோதரி வாய் திறந்ததன் பயன் இதுதான். அவனைத் தடுத்தவன் மகோதரன். அவன் சொன்ன காரணமும் கேட்கத்தக்கது: பெண்ணைக் கொன்றால் பழி வரும், பகைவரும் தேவரும் சிரிப்பார்கள். கொலை தவறென்பதைவிடப் புகழுக்கு வரும் மாசே அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. வாள் உறைக்குள் போயிற்று. மகனின் உடலை எண்ணெய்த் தோணியில் இடுமாறு கட்டளை பிறந்தது. போர் தொடர்ந்தது. புலம்பிய தாய் என்ன ஆனாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இந்தக் காட்சியை நம் வீடுகளில் நாம் பார்த்ததில்லையா? கடன் வாங்காதே என்று ஒருத்தி சொல்ல முயன்ற நாளில் அவள் அடுக்களைக்கு அனுப்பப்படுகிறாள். நிலம் ஏலம் போன நாளில் அவள் அழுதால், உன் ராசிதான் காரணம் என்று அடி விழுகிறது. அரண்மனையாக இருந்தால் என்ன, ஓட்டு வீடாக இருந்தால் என்ன?

இனி, கடைசிப் புலம்பல். இராவணன் வீழ்ந்து கிடக்கிறான். அவன் உடலில் எள் வைக்கவும் இடமின்றி அம்புகள் துளைத்திருப்பதைக் கண்ட மண்டோதரி கேட்பதாகக் கம்பன் பாடியது தமிழ் அறிந்த எல்லாருக்கும் தெரியும். உயிர் எங்கே இருக்கிறது என்று தேடியோ, சானகிமேல் கொண்ட காதல் உள்ளே எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியோ அந்த அம்பு உடலெல்லாம் தடவிப் பார்த்தது என்பது அதன் கருத்து. பள்ளியில் இந்தப் பாடலைக் கற்பிக்கும்போது கற்பனை நயம் சொல்லி, அணி இன்னதென்று சொல்லி முடித்துவிடுகிறோம். அணியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பாருங்கள். கணவனின் பிணத்தில்கூட அவள் தேடுவது தனக்குரிய இடத்தை அன்று. மற்றொருத்தி இருந்த இடத்தை. வாழ்ந்த நாளெல்லாம் வாய்விட்டுக் கேட்க முடியாததை, அவன் இனி விடை சொல்ல முடியாத நாளில் கேட்கிறாள். புகழ்மாலை என்று எண்ணி நாம் ஓதிக்கொண்டிருப்பது ஒரு குற்றப் பத்திரிகை.

அதே புலம்பலில் இன்னொரு பாடல் உண்டு. மேடைகளில் அதற்கு முன்னதன் அளவுக்கு மதிப்புக் கிடைப்பதில்லை. நமக்கோ அதுதான் முதன்மையானது. சானகியின் அழகு, அவள் கற்பு, இராவணனின் காதல், சூர்ப்பணகை இழந்த மூக்கு, தயரதன் ஏவலால் இராமன் காட்டுக்கு வந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணி, இவையெல்லாம் சேர்ந்து கடைசியில் இந்திரன் செய்த தவத்தின் பயனாய் முடிந்தனவே என்கிறாள் அவள். ஆகா! ஆயிரம் ஆராய்ச்சியாளர் சுற்றி வளைத்துச் சொன்னதை அந்த அரசி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இந்தப் போரில் வென்றவன் யார்? காட்டில் அலைந்தவன் துன்புற்றான், சிறையிருந்தவள் துன்புற்றாள், மூக்கிழந்தவள் துன்புற்றாள், மைந்தரையும் கணவனையும் இழந்தவள் துன்புற்றாள். ஒரு துன்பமும் படாமல் ஊதியம் பெற்றவன் வானுலகில் இருக்கிறான். தேவர்க்காக நடந்த போர் இது என்று திராவிட இயக்கம் சொன்னபோது, காவியத்தில் இல்லாததைச் சொல்கிறார்கள் என்று சீறியவர்கள் உண்டு. காவியத்திலேயே இருக்கிறது; மண்டோதரியின் வாயிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட அறிவுடையவளைத்தான் மந்திர அவைக்கு வெளியே நிறுத்தினார்கள்.

வடமொழி வான்மீகத்தில் இந்த இடம் வேறாக இருக்கிறது. அங்கே மண்டோதரி நீண்ட நேரம் பேசுகிறாள். குலத்தாலும் அழகாலும் திறத்தாலும் சீதை எனக்கு மேலானவளும் அல்லள், நிகரானவளும் அல்லள், மயக்கத்தால் நீ அதை உணரவில்லை என்று கணவனின் பிணத்தோடு வழக்காடுகிறாள். இராகவனோடு பகை வேண்டாம் என்று நான் சொன்னதை நீ ஏற்கவில்லையே என்றும் நினைவூட்டுகிறாள். முன்பு ஒருநாள் அறிவுரை சொன்னாள் என்ற செய்தியாவது அங்கே கிடைக்கிறது. கம்பன் பாடிய புலம்பலிலோ அவள் எண்ணிப் பார்ப்பது, எவரிலும் வலிய கணவனுக்கு இறுதி ஏது என்று தான் இறுமாந்திருந்ததை. வான்மீகியைப் போற்றுவது நம் வேலையன்று. எதைக் கொண்டான், எதை விட்டான் என்று பார்ப்பது திறனாய்வின் வேலை.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரிது. வான்மீகத்தில் புலம்பி முடித்த மண்டோதரி இறப்பதில்லை. விமலசூரி பிராகிருதத்தில் பாடிய சமண இராமகதையில் அவள் துறவு பூண்டு வாழ்கிறாள். சீதையையே இராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்து பேழையில் வைத்து அகற்றப்பட்ட மகளாகச் சொல்லும் கதைகளும் சமணரிடையே உண்டு. குணபத்திரரின் உத்தரபுராணம் அப்படிப்பட்டது. கதை எத்தனையோ வழிகளில் போயிருக்கிறது. ஆகவே அவள் சாக வேண்டிய கட்டாயம் கதைக்கு இருந்ததில்லை. கம்பனின் மண்டோதரி கணவனின் மார்பைத் தழுவி, அழைத்து, பெருமூச்செறிந்து, அங்கேயே உயிர் விடுகிறாள். வானத்து மகளிர் வாழ்த்துகிறார்கள். வீடணன் அண்ணனுக்குக் கடன் முடிக்கும்போது அவளையும் சேர்த்து ஒரே தீயில் இடுகிறான்.

வாழ்த்துகிறவர்கள் யார் என்று பாருங்கள். வென்ற தேவர்களின் வீட்டுப் பெண்கள்! எவருடைய ஊதியத்துக்காக இவள் குடும்பம் அழிந்ததோ, அவர்கள் மேலிருந்து கைகுவித்து, கற்புடையாள் என்று சான்றிதழ் வழங்குகிறார்கள். உயிரோடு இருந்து, இலங்கையின் கைம்பெண்களோடு அமர்ந்து, புதிய அரசனைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்தச் சான்றிதழ் கிடைத்திருக்குமா?

கவிதையில் நிகழ்ந்த இறப்புக்கு இத்தனை கோபம் ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். உடன்கட்டை ஏறுவதை 1829-இல் பெண்டிங்க் பிரபு சட்டத்தால் தடுத்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1987 செப்டம்பரில் இராசத்தானத்தின் தியோராலா ஊரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கணவனின் சிதையில் எரிந்தாள். எரிந்த இடத்தில் பெருங்கூட்டம் கூடி வாழ்த்தொலி எழுப்பியது. அதற்குப் பின் இயற்றப்பட்ட நடுவண் சட்டம், எரிப்பதை மட்டுமின்றி அத்தகைய சாவைப் புகழ்ந்து கொண்டாடுவதையும் குற்றம் என்று ஆக்கியது. சட்டம் செய்தோர் ஒன்றை உணர்ந்திருந்தனர்: தீ மூட்டுவதற்கு முன் புகழ் மூட்டப்படுகிறது. கம்பன் தீயை வற்புறுத்தவில்லை, அன்பின் மிகுதியால் மூச்சு நின்றது என்றுதான் பாடினான் என்பது உண்மையே. அந்த மென்மையான சாவு எத்தனை தலைமுறைப் பெண்களின் காதில், கணவனுக்குப் பின் இருப்பது இழுக்கு என்று ஓதியிருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நம் பக்கத்தையும் சற்றுப் பார்ப்போம். 1943-இல் அண்ணா சென்னையில் சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் கம்பராமாயணம் பற்றி வாதிட்டார். அது தீ பரவட்டும் என்று நூலாயிற்று. 1946-இல் புலவர் குழந்தையின் இராவண காவியம் வெளிவந்தது. 1948-இல் அரசு அதைத் தடை செய்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. அதில் அரசியின் பெயர்கூட வண்டார்குழலி என்று தமிழாக மாறியது. இழித்துரைக்கப்பட்ட இராவணனை நாம் தூக்கி நிறுத்தினோம். செய்ய வேண்டிய வேலை அது, செய்தோம். ஆனால் இராவணனின் வீரத்தையும் இசையையும் சிவன் மலையை எடுத்த தோள்களையும் பாடிய நம் பேச்சாளர்கள், அவன் அவையிலிருந்து பெண்களை வெளியேற்றியதைப் பற்றி எத்தனை முறை பேசினர்? இராமன் தன் மனைவியைத் தீயில் இறக்கியதைக் கண்டிக்க நமக்கு நா எழுந்தது, எழ வேண்டியதுதான். இராவணன் தன் மனைவியைக் கேளாமல், அவள் அரண்மனைக்கு எதிரிலேயே இன்னொருத்தியைக் கொண்டுவந்து சிறை வைத்ததைக் கேட்கும்போது நம் குரல் ஏன் மெலிகிறது? 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்த இயக்கம் இது. சொத்தில் பங்கு கேட்டவர்கள் சொல்லிலும் பங்கு கேட்டாக வேண்டும். தென்னவன் என்பதற்காக ஒருவனுக்கு இதில் விலக்கு அளிப்பதானால், ஆரியம் என்று நாம் எதை எதிர்த்தோம்?

சிலப்பதிகாரத்தை நாம் நெஞ்சில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கேயும் ஓர் அரசு வீழ்கிறது. அங்கேயும் ஓர் அரசி கணவனோடு மடிகிறாள். பாண்டிமாதேவியின் அந்த முடிவு நமக்கு உவப்பானதன்று. ஆனால் அதே அவையில், சிலம்பைக் கையில் ஏந்தி, அரியணைக்கு எதிரே நின்று, அரசனின் தீர்ப்பைப் பொய்யாக்கிய பெண்ணொருத்தியை இளங்கோ உள்ளே வரவிட்டான். வாயிற்காவலன் தடுக்கவில்லை, போய் அறிவித்தான், அரசன் வரச் சொன்னான். இலங்கையில் காற்றுக்கும் காவல். மதுரையில் கைம்பெண்ணுக்குக் கதவு திறந்தது.

காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கி வைத்த கம்பன் விழா, அதன் பின் ஊர்தோறும் பெருகியிருக்கிறது. கற்பிற் சிறந்தவள் சீதையா, மண்டோதரியா என்ற வழக்கு அங்கெல்லாம் பலமுறை ஆடித் தீர்ந்த வழக்கு. ஒருத்தி சிறையில் காத்தது கற்பா, மற்றொருத்தி சாவில் காட்டியது கற்பா என்று ஆடவர் இரு அணியாகப் பிரிந்து, கைதட்டலுக்கு நடுவே தீர்ப்புச் சொல்வார்கள். அடுத்த விழாவுக்கு நாம் ஒரு தலைப்புத் தருகிறோம். இராவணனின் மந்திர அவையில் மண்டோதரிக்கு ஓர் இருக்கை போட்டிருந்தால், அக்கனை இழந்த அந்தத் தாய் கும்பகருணனுக்கு முன்பே எழுந்து பேசியிருந்தால், என்ன பேசியிருப்பாள்? இரு அணியிலும் பெண்களே பேசட்டும். நடுவராக ஒரு பெண்ணே அமரட்டும். புலவர் பெருமக்கள் கீழே அமர்ந்து கேட்கலாம்.